ஒருமுறை இழுத்தால் நலம்

சிலோயேவில் மழைக்கு நாள் கிழமை கிடையாது.
எங்கள் தீவுக் கோயில் முழுக்க மரம்.
கூரையும் மரச்சில்லுகள்தான்,
மீன் செதிள்போல ஒன்றன்மேல் ஒன்று.
இங்கே வாடை குளிராது, நனைக்கும்.
ஆகஸ்டில் அடித்த வாடையில்
நாற்பது செதிள் பறந்துபோயிற்று.
நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில்
யாரோ ஒரு பால்வாளியை வைத்தார்கள்.

குருவானவர் படகேறி வருவது ஆண்டுக்கு இரண்டு முறை.
மற்ற ஞாயிறுகளில் லிந்தோர்தான் செபமாலை சொல்வார்,
வாளியில் விழும் சொட்டோடு போட்டிபோட்டுக்கொண்டு.
நான் கடைசி பெஞ்சு.
மூன்று வருடமாக என் உதடு அசையும்,
சத்தம் வராது.

சொல்லிவிடுகிறேன்.
எலியோதோரோ என் தம்பி.
சால்மன் பண்ணையில் முக்குளிப்பவன்,
இருபத்தெட்டு மீட்டர் ஆழத்தில் கிழிந்த வலையைத் தைப்பான்.
மேலே படகில் நான்.
கையில் கயிறு, காலடியில் காற்று இயந்திரம்.
ஒருமுறை இழுத்தால் நலம்.
இரண்டு, காற்று போதவில்லை.
மூன்று, என்னை மேலே எடு.
அன்று அது பதினைந்தாவது மணி நேர வேலை.
இயந்திரம் நின்றது.
நின்றுபோன சத்தம் எப்படிக் கேட்கும்
தூங்குகிறவனுக்கு?
மூன்றுமுறை இழுத்தானா முப்பது முறையா,
கயிற்றுக்குத்தான் தெரியும்.

கம்பெனி விபத்து என்று எழுதிக்கொண்டது.
ஊர் அதற்குப்பின் என் எதிரில்
தூக்கம் என்ற சொல்லையே எடுக்கவில்லை.
பிள்ளைகளைக்கூடப் ‘படு’ என்றுதான் அதட்டினார்கள்.
அந்த இரக்கத்தைச் சுமந்து திரிந்தேன், ஈர மூட்டைபோல.

பாவசங்கீர்த்தனம் செய்தேன்.
குருவானவர் தலையில் கைவைத்து முழு மன்னிப்பும் சொன்னார்.
நம்பினேன்.
நம்பியும் கயிறு கட்டிய எதையும் தொட முடியவில்லை,
மாடு, படகு, கோயில் மணி.

செப்டம்பரில் மழை விட்ட ஓர் அரைமணியில்
எடுவினா வந்தாள், தம்பி மனைவி.
ரப்பர் பூட்ஸ், தோளில் ஏணி, பல்லிடுக்கில் ஆணிகள்.
இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிந்தாள்,
மறுமுனையை என்னிடம் நீட்டினாள்.
வேறு ஆள் இல்லையா என்றேன்.
லிந்தோருக்கு எழுபத்தாறு வயது,
மற்றவர்கள் பண்ணையில், என்றாள் ஆணிகளுக்கு இடையே.
நீ இருக்கிறாய்.

தூணில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்தேன்.
கை நடுங்கியது, கயிறும் அதோடு.
திறந்த கதவு வழியே சுரூபம் தெரிந்தது.
எங்கள் ஆண்டவருக்குத் தோளில் தோல்கீல் உண்டு,
பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கும்போது
கை மடங்க வேண்டுமே.
மடங்குகிற கை நீளவும் நீளும்,
தண்ணீருக்குள்ளும்.
இத்தனை வருடம் அது எனக்குத் தோன்றவில்லை.
செபம் ஒன்றும் வரவில்லை,
பிடித்துக்கொள் என்பதைத் தவிர.
யாரை யார் என்று சொல்லவில்லை.

கூரையில் சுத்தியல் சத்தம்.
அப்புறம் சுத்தியல் நின்றது.
நின்றுபோன சத்தம் எனக்குக் கேட்டது.
வாயெல்லாம் உப்பு.

கயிறு இழுபட்டது.
ஒருமுறை.

அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?
அவன்தான். அடுப்படியில், அவளுடைய கம்பளி நூலை இழுத்து
விளையாட்டாகச் சொல்லியிருப்பான்.
நானும் ஒருமுறை இழுத்தேன்.

மேலிருந்து ஒரு வாளி இறங்கியது, கூடவே குரல்:
இன்னும் பத்துச் சில்லு போடு.
என்ன, தூங்கிவிட்டாயா?

ஏணியடியில் லிந்தோர் சிலுவை போட்டுக்கொண்டார்.
நான் சிரித்தேன்.
முதலில் அது சிரிப்புதான்.
இல்லை எடுவினா, விழித்துத்தான் இருக்கிறேன்.
பத்தையும் எண்ணி வாளியில் அடுக்கினேன்,
ஒரு கையால்.
மறுகையில் அவள் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பால்வாளி அங்கே இல்லை.
தெற்கு மூலையில் மட்டும் கொஞ்சம் ஒழுகுகிறது,
அடுத்த மாதம் பார்க்கலாம்.
கடைசி பெஞ்சில் ஒரு குரல்,
கட்டையாக, ஒரு சொல் பிந்தி வந்துகொண்டிருந்தது.
லிந்தோர் நிமிர்ந்து பார்க்கவில்லை.
வேகத்தை மட்டும் குறைத்தார்.