கெதி

காலை ஒன்பதரைக்கே வெயில்
கல்லடிப் பாலத்தில் ஏறிவிட்டது.
ஸ்கூட்டி இருக்கைக்கடியில்
துவாயில் சுற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்.
நேற்றிரவு தொடங்கிய சத்தம்:
டிக். டிக். கொஞ்சம் பொறுத்து, டிக்.
பல்லி சொல்வதுபோல்.
எந்தத் திசைப் பலன் என்றுதான் தெரியவில்லை.

உள்ளே களுவாஞ்சிகுடிக் கலியாணம்,
இரண்டு கமரா, இருநூற்றுப் பத்து ஜிபி.
மாப்பிள்ளைக்கு வியாழக்கிழமை டோஹா பிளைட்.

இம்தாத் கண்ணாடிக்குக் கீழே அடுக்கியிருக்கிறான்
நகைக்கடையில் மோதிரம் வைப்பதுபோல.
தீப்பெட்டியளவில் சில,
சூயிங்கம் துண்டுபோல் மெலிந்து பச்சையாய்ச் சில.
"இது உள்ளுக்குப் போடுற எஸ்.எஸ்.டி.
இது கையோட கொண்டு திரியிறது.
எது வேணும்?"
இரண்டிலும் ஆசை.
கைப்பையில் முப்பத்தெட்டாயிரம்.
அதில் மூன்று, ஆல்பம் அச்சடிப்பவருடையது.

ஒரு டெரா பெட்டியில் பெரிதாய்ப் போட்டிருந்தது:
செக்கனுக்கு ஆயிரத்தைம்பது எம்பி.
பக்கத்தில், எறும்பளவு எழுத்தில், "வரை".
என் லெப்டொப்பைத் திருப்பி
யூ.எஸ்.பி. ஓட்டையைப் பார்த்தான்.
"இதால அதில பாதியும் வராது."
அது எனக்குப் புரிந்தது.
வாவி எவ்வளவு நிறைந்தாலென்ன,
மாரியில் முகத்துவாரம் வெட்டுகிற அகலத்துக்குத்தானே
வெள்ளம் வடியும்.

மறுகா, பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றினான்.
தூசு. செத்த ஓர் எறும்பு.
ஒன்றும் பூட்டாத ஓர் இடம்.
நாலு வருசமாய் மடியில் வைத்திருக்கிறேன்
உள்ளே இப்படி ஒரு வெறுமை காத்திருந்தது தெரியாது.

"பழுதாகப் போகுதெண்டா, சத்தம் வருமா?"
சிரித்தான்.
"சுத்துறதுக்கு உள்ளுக்கு ஒண்டுமில்ல.
ஒரு நாள் குத்துவீங்க, காட்டாது. அவ்வளவுதான்.
வருசக்கணக்கா அலுமாரிக்குள்ள போட்டு வைக்காதீங்க,
இடைக்கிடை கரண்ட் காட்டோணும்."

பல்லி இல்லாத வீடு.

இரண்டு வருசத்துக்கு முன், ஆரையம்பதி.
துவாரகியின் தாலிகட்டு
மேசையால் விழுந்த ஒரு டிஸ்க்கோடு போனது.
காசைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கினாள்.
இன்றும் சந்தையில் கண்டால்
தக்காளியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பாள்,
என்னைப் பார்க்கமாட்டாள்.

"வேகமான ஒரு டெரா முப்பத்தாறு" என்றான்.
"ஐநூறில ரெண்டு குறைஞ்சது எவ்வளவு?"
"உள்ளுக்குப் பதினைஞ்சரை. கையோட பதினெட்டரை.
வேகம் காணாது, சொல்லிப்போட்டன்."
"காணும்."

அச்சடிப்பவரின் மூவாயிரமும் தப்பியது.

அங்கேயே ஏற்றத் தொடங்கினோம்.
திரையில்: மீதம் மூன்று மணி நாற்பது நிமிடம்.
புதியது வாயைத் திறந்து வைத்திருக்கிறது,
பழையது தன் கெதியில்தான் தருகிறது.
எங்கள் பக்கம் கெதி என்றால் வேகம்.
"என்ன கெதியோ" என்று கன்னத்தில் கை வைப்பதற்கும்
அதே சொல்தான்.

இம்தாத் லுஹருக்குப் போய் வந்தான்.
பிளேன்ரீ ஒன்று ஆறியது.
கும்பம், கூறைச்சேலை, சாப்பாட்டு வரிசை
ஒவ்வொன்றாய்க் கரைசேர்ந்தன.
கடைசியாய் ஒரு கோப்பு:
கமராவை நிறுத்த மறந்து
மண்டபத்துப் பின்பக்கம் ஓடிய பதினொரு நிமிடம்.
சட்டி கழுவுகிற மூன்று பெண்கள்,
யாரையோ நக்கலடித்து, விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.
யாரும் கேட்கப்போவதில்லை. அழிக்கலாம்.
வரட்டும் என்று விட்டேன்.

டிக். பிறகு இல்லை.

திரும்பும்போது
உள்ளே ஒன்று பூட்டிய லெப்டொப் காலடியில்,
மற்றது கைப்பையில்.
ஒரே கலியாணம், இரண்டு பிரதி,
பத்திரம் என்று நிம்மதியாய் முறுக்கினேன்.
விழுந்தால் இரண்டும் சேர்ந்துதான் விழும் என்பது
பாலத்தின் நடுவில்தான் உறைத்தது.

கெதியைக் குறைத்தேன்.