பத்து வரை எண்ணத் தெரியாதவள்

கோபியில் நிலக்கரி வண்டிகளின் வரிசை
எல்லை வரைக்கும் பதினெட்டு கிலோமீட்டர்.
நேற்றும் பதினெட்டுதான்.
எனக்கு முன்னால் லுவ்சானின் சிவப்பு வண்டி,
அதற்கு முன்னால் புழுதி,
புழுதிக்கு முன்னால் சீனா என்கிறார்கள்.

விடியலில் ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்து
முழங்காலில் வைத்துக்கொள்கிறேன்.
மூச்சு: ஒன்று.
மூச்சு: இரண்டு.
தார்கானில் பத்து நாள் மௌனம் இருந்தபோது
இது சுலபமாயிருந்தது.
அங்கே சமைத்தது வேறு யாரோ.
மணியடிக்க ஓர் ஆள்.
வங்கித் தவணைக்குத் தேதி கிடையாது.
பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்று;
பட்டிக்குத் தானே திரும்பும் ஆடுபோல
மனசு போய் வந்துகொண்டிருந்தது.

இங்கே ஐந்தில் ஹாரன்.
முன்வண்டி இருபது அடி நகர்ந்துவிட்டது.
இடைவெளி விட்டால் எவனாவது மூக்கை நுழைப்பான்.
கிளட்ச், கியர், இருபது அடி, பிரேக்.
மூச்சு: ஒன்று.

தினமும் அரைமணி என்று உறுதி எடுத்திருந்தேன்.
மூன்றாம் நாள் டயர் வெடித்தது.
ஒன்பதாம் நாள் தம்பி செத்தான்.
பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க
உறுதி இருக்கைக்கடியில் ஸ்பேனரோடு கிடந்தது.
திரும்ப எடுத்தது பக்தியால் அல்ல.
போனில் சார்ஜ் இல்லை, பேச ஆள் இல்லை,
கடனை நினைப்பதைவிட மூச்சை நினைப்பது
செலவு குறைவு.

அவன் பெயர் எர்தெம்பாத்.
இதே சாலை, நூற்று நாற்பதாம் கல்,
எதிரே வந்தவன் தூங்கியிருக்கிறான்.
அங்கே ஒரு டயரைப் பாதி புதைத்து
நீலப்பட்டு கட்டியிருக்கிறோம்.
கடக்கும்போதெல்லாம் ரேடியோவைக் கூட்டுவேன்.
அறுபதில் போனால் அந்த இடம்
நாலு நொடி நீளம்.

நேற்றிரவு வரிசை அங்கேயே நின்றது.
என் கதவுக்கு நேரே டயர்.
ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டேன்.
துண்டுக்கு அந்தப் பக்கம் அது இருந்தது.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
டீசல் உறையாமலிருக்க எஞ்சினை அணைக்கவில்லை;
முழு வண்டியும் என்னோடு சேர்ந்து நடுங்கியது.

துண்டை எடுத்தேன்.
உட்கார்ந்தேன். உட்கார்ந்துதான் இருந்தேன்
பதினோரு மணிநேரமாக;
ஆனாலும் உட்கார்ந்தேன்.
ஒன்று. நெஞ்சில் கரி அடைத்தாற்போல்.
இரண்டு. அவன் கடைசியாகக் கேட்டது ஜாக்கி.
போன தடவை கொண்டுபோனதே வரவில்லை,
தரமாட்டேன் என்றேன்.
இரண்டு.
இரண்டு.
மூன்று வரவேயில்லை.
கோபம் வந்தது, தூங்கியவன்மேல், ஜாக்கிமேல்,
பத்து நாள் சும்மா உட்காரவைத்த தார்கான்மேல்.
அதுவும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் வந்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.
லுவ்சான். ஹீட்டர் செத்துப்போச்சாம்.
மீசையில் பனி. நீட்டிய பிளாஸ்க் காலி.
உப்புப் போட்ட பால் தேநீரில் பாதியை ஊற்றினேன்.
பூட்ஸோடு பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான்.
"விளக்கில்லாம என்ன பண்ணிட்டிருந்தே?"
"எண்ணிட்டிருந்தேன்."
"எதை, வண்டியையா?"
"இல்ல. ரெண்டு வரைக்கும்."
அவன் சிரிக்கவில்லை.
டயரைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.
பிறகு குறட்டை விட்டான், வெட்கமே இல்லாமல்,
உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே,
என்னால் ஆகாததை எத்தனை எளிதாக!
அவன் மூச்சைக் கைமாற்றாக வாங்கி எண்ணினேன்.
ஏழு வரை போனது.
தார்கானில் இதை ஒப்புக்கொள்வார்களா, தெரியாது.

இருட்டு விலகுமுன் பின்னால் ஹாரன், அதன் பின்னால் ஹாரன்.
முன்னே அவன் வண்டி ஆளில்லாமல் வழிமறித்து நிற்க
ஒரு கால் பூட்ஸை மாட்டியபடியே குதித்தோடினான்.
நீலப்பட்டு விறைத்து, ஆடாமல் இருந்தது.
ஜாக்கி என் இருக்கைக்குப் பின்னால்,
இன்னமும்.

கிளட்ச். கியர்.
இருபது அடி.
பக்கக் கண்ணாடியில் டயர் சின்னதாகி
தெரிந்துகொண்டே இருந்தது.
ஒன்று.