அறுநூறு கிராம்

வைகாசி பிறந்து ஆவணி முடிய
மரவள்ளி வராத மாதங்களில்
அயோத்தியாப்பட்டணம் தாண்டி அந்த ஜவ்வரிசி மில்லின் களம்
ஞாயிறுதோறும் எங்களுக்கு.
ஒரு சொட்டு ஆயில் விழுந்தால் ஐந்நூறு அபராதம்
என்ற ஒப்பந்தத்தில்.

விடிவதற்குள் மாதேஸ்வரன் பழைய டயர்களை அடுக்கி
எட்டு வளைவு செய்துவைப்பார்.
எட்டில் ஒன்றுக்குத்தான் பெயர்: கிணத்து முக்கு.
அங்கே கிணறு இல்லை,
மூடி இருபது வருஷம்.
ஆனாலும் அந்த இடம் வந்தால்
எல்லார் காலும் தானாக ஆக்சிலேட்டரை விட்டு எழும்பும்.

எவ்வளவு பெருக்கினாலும்
சிமெண்ட் விரிசலில் போன பருவத்து மணிகள் மிச்சமிருக்கும்.
டயருக்கடியில் உருளும்.
முதல் மூன்று சுற்றுக்கு யாருக்கும் பிடி கிடையாது.
மாவுப் புழுதிக்குள்ளே
ஜருகுமலை பாதிதான் தெரியும்.

என் கார்ட் இருபத்து மூன்றாம் எண்.
சட்டகம் சங்ககிரி லாரிப் பட்டறையில் பற்றவைத்தது.
எஞ்சின், வாழப்பாடிப் பக்கம்
பால் ஏற்றியே கிழடான ஒரு பைக்கினுடையது.
தரைக்கும் எனக்கும் நடுவே நாலு விரற்கடை.
அந்த உயரத்தில் நாற்பதும் நூறுபோல இருக்கும்.

மற்ற நாட்களில்
அம்மாபேட்டை மின்வாரிய கவுண்ட்டரில் ரசீது போடுகிறேன்.
இதுவரை நான் அதிகம் பேசிய வாக்கியம்
‘சில்லறை இல்லையா?’

போட்டிக்கு முன்னும் பின்னும் எடை.
மூட்டை நிறுக்கும் மேடையில்தான்.
வண்டியும் ஆளும் சேர்ந்து நூற்றைம்பது கிலோவுக்குக்
குறையக் கூடாது.
விதி எழுதியவர் பல் டாக்டர் முனவ்வர்.
அவர் தொண்ணூற்று நாலு.
நான் நாற்பத்தேழு.
ஆகவே என் சீட்டுக்கடியில் ஈயக்கட்டிகள்,
போல்ட் போட்டு முடுக்கியவை.
பெண் பார்க்க வந்தவர்கள்
‘இன்னும் கொஞ்சம் உடம்பு போட்டா’ என்று இழுத்தபோது
இந்த யோசனை எனக்குத் தோன்றவில்லை.

பன்னிரண்டு சுற்று.
ஒன்பதாவதில் எனக்கு முன்னால் துளசிராம்.
கொலுசுப் பட்டறைக்காரர், மெருகேற்றிக் கறுத்த விரல்கள்,
பிரேக்கை யாரையும்விடத் தாமதமாகப் பிடிப்பவர்.
கிணத்து முக்கு வந்தது.
அவர் கால் எழும்பியது.
என் கால் எழும்பவில்லை.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
பின்சக்கரம் வெளியே வழுக்கி
ஒரு டயரைத் தட்டி
மறுபடி நேரானபோது
முன்னால் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

மூன்றாமிடம்!
மூன்று வருஷத்தில் முதல்முறை.
ஹெல்மெட்டுக்குள் ஏதோ கத்தினேன்,
எனக்கே காது வலித்தது.

மேடையில் ஏற்றினார்கள்.
ஃபெலிக்ஸ் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்.
இறங்கச் சொன்னார். ஏறச் சொன்னார்.
நூற்று நாற்பத்தொன்பது கிலோ நானூறு கிராம்.

யாரும் பேசவில்லை.
துளசிராம்தான், நான் விழுந்தால் மூன்றாவதாகிறவர்,
‘ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு ஏறட்டுமே’ என்றார்.
கொடி விழுந்தபின் சொட்டுத் தண்ணீரும் ஆகாது,
அதுவும் விதியில் இருக்கிறது.
ஃபெலிக்ஸ் என் பெயரின் மேல் கோடு போட்டார்,
ஸ்கேல் வைத்து, நேராக.

கட்டிகளை எண்ணினேன். எல்லாம் இருந்தன.
பெட்ரோல் கொஞ்சம் எரிந்திருக்கும்.
வேர்வை. டயரின் தோல்.
காலையில் தோசை வேண்டாமென்று தள்ளிய தட்டு.
கணக்கு எப்படிப் போட்டாலும்
ஒரு கை அளவு இடிக்கிறது.

கோப்பை அவருக்குப் போயிற்று. அவருடையதுதான்.
அன்று எல்லோருக்கும் தட்டுவடை செட் வாங்கித் தந்தார்,
எனக்கு இரண்டு.
முனவ்வர் என் தட்டைப் பார்த்து
‘இப்ப சாப்பிட்டு என்னம்மா பிரயோஜனம்’ என்றார்.
சிரிப்பில் எனக்குப் புரையேறியது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டு
செவ்வாய்ப்பேட்டையில் ஈயம் கேட்டேன், ஒரு கிலோ.
‘மேட்டூர் வலைக்குங்களா?’ என்றார் கடைக்காரர்.
இல்லைங்க,
எனக்கு.