இருபத்தொன்று

கடைக்காரன் சொன்னான்:
இது அனலை உண்டாக்குவதில்லை,
வெளியிலிருந்து அள்ளி உள்ளே கொட்டும், அவ்வளவுதான்.
கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன்.
மயூர் விஹாரை மூடிய புகைப்பனி.
ஆறு டிகிரி.
அதிலிருந்து எதை அள்ளும்?

தூத்துக்குடியில் பிறந்த இருவருக்கு
ஏசி என்றாலே எதிர்த்திசை.
முதல் வாரம் முப்பதில் வைத்தோம்.
தலைக்கு மேல் மே மாதம்,
பாதத்தில் ஜனவரி.
உதடு வெடித்தது.
வெளியே போகையில் அணைத்து
வந்ததும் விரட்டினோம்.
மீட்டர் ஓடிய ஓட்டத்தை
மாதக் கடைசியில் ஜெசிந்தா வாசித்தாள்,
நோயாளியின் சார்ட்டை வாசிக்கும் அதே குரலில்.

நயீம் வந்து ஃபில்டரைக் கழற்றினான்.
பூனைக்குட்டி அளவுக்குத் தூசி.
இருபத்தொன்றில் வைத்துவிட்டு
ரிமோட்டை மறந்துவிடுங்கள், என்றான்.
தகட்டைக் கீழ்நோக்கிச் சாயுங்கள்.
சூட்டுக்கு மேலே ஏறத் தெரியும்,
நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.
கதவிடுக்கில் ஜெசிந்தாவின் பழைய சேலையைச் சுருட்டி வைத்தோம்.
வீடு மெதுவாக,
கோபம் தணிவது போல் மெதுவாக,
இதமானது.

நடுச்சாமத்தில் அது நின்றுபோகும்.
முதல் முறை இருவரும் எழுந்து உட்கார்ந்தோம்.
வெளிப்பெட்டியில் படிந்த உறைபனியைத்
தானே கரைத்துக்கொள்ளும் நேரமாம் அது.
ஐந்து நிமிடம். சில நாள் எட்டு.
சொட்டு விழும் சத்தம்.
இப்போதெல்லாம் அந்த இடைவெளியில்தான்
வார்டில் நடந்ததைச் சொல்கிறாள்,
சூடு திரும்பியதும் பாதி வாக்கியத்தில் தூங்கிவிடுகிறாள்.
பதினான்காம் படுக்கைக்காரர் பிழைத்தாரா,
எனக்கு இன்னும் தெரியாது.

வாட்ச்மேன் ராம்பிரவேஷ்
நாற்காலியை மாற்றிப் போட்டிருந்ததை
தை பிறந்த பிறகுதான் கவனித்தேன்.
ஏன் என்றேன்.
உங்க பெட்டி ஊதுது சார்.

கையை நீட்டிப் பார்த்தேன்.
தில்லியின் குளிரை விடக் குளிர்ந்த காற்று.
இருந்த ஆறு டிகிரியில்
எங்கள் பங்கை எடுத்துக்கொண்டு
மிச்சத்தை
அவர் முழங்காலில் விட்டிருக்கிறது
ஒன்றரை மாதமாக.

ஜெசிந்தா அன்றே
ஃபிரிட்ஜ் வந்த அட்டையை எதிரே நிறுத்திவைத்தாள்.
இரவெல்லாம் அது மூச்சு முட்டி
முக்கால் மணிக்கொரு தரம் நின்றது.
மறுநாள் நயீம் திட்டினான்:
அதுக்கு மூச்சு விட இடம் வேணாமா?
அவருக்கும்தான், என்றாள்.

ஏழடிக்கு மேலே தூக்கி மாட்டினோம்.
ஆயிரத்து நானூறு ரூபாய், பேரம் போக.
செம்புக் குழாய் நீண்டுவிட்டது,
கரண்ட் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும் என்றான்.
ஆகட்டும்.

நாற்காலி மட்டும்
பழைய இடத்துக்கு வரவில்லை.
இன்னும் ஊதுகிறதா என்று பயந்து கேட்டேன்.
இல்லை சார்.
இங்கே ஒன்பதரைக்குக் கொஞ்சம் வெயில் விழுது.
அங்கே உட்கார்ந்திருந்த நாலு வருஷமா
எனக்கே தெரியாது.