ஒற்றைத் தடத்து விதி

அந்த ரயிலில் நான் ஒருமுறையும் ஏறியதில்லை.
அது நின்றுபோன இரவு
எனக்கு மறுநாள் வேதியியல் தேர்வு.
ஆகவே என்னை உருகச் சொல்லாதீர்கள்.

எனக்குப் பிடித்தது அளவு.
நிஜத்தில் எண்பத்தேழு, மேசையில் ஒன்று.
புக்கிட் தீமா நிலையம்,
ரயில்கள் விலகிக்கொள்ள ஒரு கிளைத் தடம்,
சாலைக்கு மேலே இரும்புப் பாலம்:
எல்லாம் எங்கள் வீவக வீட்டின்
வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையில்
அரிசி மூட்டைக்கும் மாமியாரின் சூட்கேஸுக்கும் நடுவே
இரண்டரை ஆண்டு வளர்ந்தன.

பகலில் பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை.
கடைவாய்ப் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடி
பாலத்தின் அடிவயிற்றையும் பார்க்கும்.
காரை சுரண்டும் கொக்கி
தண்டவாளத்தில் வழிந்த பசையையும் சுரண்டும்.
(டாக்டர் லோ, இவை காசு கொடுத்து வாங்கியவை.)

லாலாங் புல் முளைத்தது கொசு மட்டையால்.
வலையைக் கழற்றி, டீ வடிகட்டியைப் பொருத்தி,
பொத்தானை அழுத்திக்கொண்டே நைலான் தூளைச் சலித்தால்
இழை இழையாய்ச் சிலிர்த்து நிற்கும்,
நாயைப் பார்த்த பூனை முதுகுபோல.
பச்சை கூடிப்போச்சு என்றான் பெங் லியாங்.
போதவே போதாது என்றார் ஷம்சுடின்.
அப்புறம் மூன்று வாரம்
இருவருக்கும் நடுவே நான்தான் தபால்காரி.

கிளமெண்டி சமூக மன்றம். ஞாயிறு பிற்பகல்.
வெளியே மழை, உள்ளே கூட்டம்.
ஈரக்காற்றில் தண்டவாளம் கறுக்கும்;
மணிக்கொருமுறை ஸ்பிரிட் துணியால் துடைக்கிறேன்.
வானம் தீட்டிய அட்டைக்குப் பின்னால் போகிற ரயில்
எங்கே போகுது என்று ஒரு பையன் கேட்டான்.
ஜொகூருக்கு என்றேன்.
குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:
அங்கே ஒரு பிஸ்கட் டின்தான் இருக்கு.

இனி டோக்கன்.
தடம் ஒன்றுதான். எதிரெதிரே இரண்டு ரயில் வரக்கூடாது.
நிலைய அதிகாரி நீட்டும் வளையம்
ஓட்டுநர் கையில் இருந்தால்தான் வண்டி நகரலாம்.
எங்கள் அதிகாரியின் உயரம் இரண்டு சென்டிமீட்டர்.
அவர் வளையம், நான் ஃபியூஸ் கம்பியில் முறுக்கியது.
மற்றதைக் கணினி பார்த்துக்கொள்ளும்.
இந்தக் கைமாற்றம் மட்டும்
மூச்சடக்கி, இடுக்கியால், நான்.

நாலு மணி பத்து நிமிடம். யாரோ தும்மினார்கள்.
வளையம் இல்லை.

சும்மா ஓட்டு, யாருக்குத் தெரியும் என்றான் பெங் லியாங்.
எனக்குத் தெரியும்.
டோக்கன் இல்லாமல் வண்டி போகாது என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
சிரித்தார்கள். பிறகு யாரோ முதலில் மண்டியிட,
கைப்பேசி வெளிச்சங்கள் கம்பளத்தில் மேய்ந்தன.
துப்புரவு செய்யும் மேடம் ஹெங்கூட
துடைப்பத்தை ஓரமாய்ச் சாய்த்துவிட்டுக் குனிந்தார்.
கிடைத்தவை: ஒரு கம்மல் திருகாணி,
இரண்டு அரிசிப் பொரி,
போன ஆண்டு யாரோ தொலைத்த சதுரங்கக் குதிரை.

அப்போது அந்த பிஸ்கட் டின் பையன்
வாய்க்குள் விரல் விட்டான்.
பல்கம்பியில் மாட்டியிருந்த குட்டி ரப்பர் வளையம்,
பச்சை நிறம், எச்சில் மினுங்க
உள்ளங்கையில் நீட்டினான்.
இது ஆகுமா ஆன்டி?

ஐந்து மில்லிமீட்டர்.
எண்பத்தேழால் பெருக்கினேன், உதடு அசையாமல்:
நாற்பத்து மூன்றரை சென்டிமீட்டர்.
அளவு சரி.

முதல்ல கழுவுங்க என்றார் ஷம்சுடின்.
ஸ்பிரிட்டில் தோய்த்தேன். இடுக்கியில் எடுத்தேன்.
அதிகாரி கையிலிருந்து ஓட்டுநர் கைக்கு.
ரயில் கிளம்பியது.
கை தட்டவில்லை யாரும்;
பாலம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

திங்கள் காலை, முதல் நோயாளி, வாய் திறந்திருக்கிறது.
எலாஸ்டிக் என்று கை நீட்டுகிறார் டாக்டர் லோ.
பொட்டலத்தைக் கிழிக்கிறேன்.
ஒன்றில் நூறு.
நூறு புறப்பாடு என்று எண்ணம் ஓட,
இரண்டாம் தடவையும் கேட்கிறார் அவர்.