நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்

இந்த ஊரில் வெயில் வடக்கிலிருந்து வரும்.
ஜூன்தான் குளிர்காலம்.
வரைபடத்தில் நிழலைக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தேன்;
மூன்று மணிக்குத்
தோட்டம் மொத்தமும் முழுகிவிட்டது.

கீழே ரொட்டிக்கடை, சலவைக்கூடம்,
செவ்வாய்தோறும் பல் மருத்துவர் வந்து உட்கார ஓர் அறை.
மேலே இருபத்து நான்கு வீடுகள்.
நடுவில் அந்தத் தோட்டம்.
மொந்தேவீதேயோ நகராட்சி கொடுத்த மனை,
முன்பு தோல் பதனிட்ட ஆலை.
மூன்றடி மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டுப்
புது மண் கொட்டியிருந்தோம்.
கீரை வரும் என்று
நானே வாக்குக் கொடுத்திருந்தேன்.

வெயில் வேண்டுமென்றால்
வடக்குப் பக்கம், உச்சியில், இரண்டு வீடுகளை எடுக்க வேண்டும்.
சொல்லிவிட்டுப் பேனாவை மூடினேன்.
மாத்தே குவளை கைமாறிக்கொண்டே இருந்தது.
எந்த இரண்டு என்று யாரும் கேட்கவில்லை.

வாரம் இருபத்தொரு மணிநேரம்
கல் சுமப்பதாகக் கையெழுத்திட்டவர்கள்.
சுமக்கும்போது இது யார் வீட்டுச் சுவர் என்று தெரியாது;
சாவி, கடைசியில், குலுக்கலில்தான்.
ஆகவே அந்த இரண்டு வீடும்
எல்லோருடையதுமாக இருந்தன.

மருத்துவமனைப் படுக்கைவிரிப்பு வெளுக்கும் சுல்மா கேட்டாள்:
ஒரு வீட்டின் அகலம் என்ன?
ஐந்து மீட்டர் இருபது.
ரசீதின் பின்புறம் பென்சிலால் ஏதோ போட்டாள்.
"வீட்டுக்கு நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் விட்டால்
அந்த இரண்டும் கீழேயே வந்து உட்காரும்."
எழுந்து நின்று
முழங்கையிலிருந்து விரல்நுனிவரை தடவிக் காட்டினாள்.
ஒரு முழத்துக்கும் குறைவு.

வில்மார் சிரித்தான்.
"நாலு பேர் ஒரே அறையில், நாற்பது வருஷம் கிடந்தவன் நான்.
இன்னும் கைக்கே வராத அகலத்தைக்
கீரைக்குத் தர மாட்டேன்."
அவன் சொன்னதில் பிழை இல்லை.
கை தூக்கினார்கள்: பத்தொன்பதுக்கு நான்கு.
ஒருவர் வேலை முடிந்து வந்து சேரவில்லை.
அடுத்த வாரம் வில்மார் தன் பெயரை எடுத்துக்கொண்டான்.
மூன்றே நாளில் அந்த இடத்துக்கு ஆள் கிடைத்தது.

அன்றிரவு எல்லாச் சுவர்களையும் நகர்த்தினேன்.
கணினிக்கு அது ஒரு சொடுக்கு.
பிறகு என் சமையலறையில் டேப் பிடித்துப் பார்த்தேன்.
நாற்பத்து மூன்று என்பது
அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே
ஒருத்தி கடந்துபோக
இன்னொருவர் ஒதுங்கி நிற்கும் இடம்.
யாரிடமும் சொல்லவில்லை.

குடியேறிய வருஷம், ஜூன், மூன்று மணி.
வெயில் வந்தது,
நான் வரைந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி.
ரொட்டிக்கடைப் பையன் மாவுக் கையோடு வந்து
அதில் நின்றுவிட்டுப் போனான்.
பல்லைப் பிடுங்கிக்கொண்ட கிழவர்
கன்னத்தை அதன் பக்கமாகத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.
கீரை அப்படியொன்றும் வரவில்லை.
மேலே, இரண்டாம் மாடியில்,
யாரோ மேசையை இழுக்கிறார்கள்.
இழுத்து, நிறுத்தி,
மறுபடி கொஞ்சம் இழுத்து.