இப்போது பகல்

நகராட்சி வண்டியில் நான் போனபோது
பிற்பகல் இரண்டரை. டிசம்பர்.
ஹம்மர்ஃபெஸ்டில் சூரியன் விடுப்பில் போய்
மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஓட்வாரின் சமையலறைச் சுவரில் கடிகாரத்தை மாட்டினேன்.
முள் கிடையாது. கொட்டை எழுத்தில் ஒரே வரி:
செவ்வாய்க்கிழமை, இப்போது பகல்.

படித்தார். ஜன்னலைப் பார்த்தார். கரி.
படகுத்துறையில் மஞ்சள் விளக்குகள்.
"பொய் சொல்ல இதற்கு எவ்வளவு சம்பளம்?" என்றார்.
முப்பத்தெட்டு வருடம் மீன்பிடிக் கப்பலில்
வின்ச் ஓட்டியவர். இருட்டைத் தெரிந்தவர்.
என்னிடம் பதில் இல்லை,
கையேட்டிலும் இல்லை.

மேசைமேல் டேப்லெட்.
அதற்குள் அவர் மனைவி குன்வோரின் குரல்:
மாத்திரை. அடுப்பு. கம்பளிக் காலுறை.
வெளியே போகாதே, வழுக்கும்.
மூன்று முறை சொல்லவைத்தேன்,
நான்காவதில் அலுத்துக்கொண்டாள்.
அதையே வைத்துக்கொண்டேன்,
அதில்தான் அவள் இருந்தாள்.

பிப்ரவரியில் கூப்பிட்டாள்.
பழுதா என்றேன்.
நன்றாக வேலை செய்கிறது, அதுதான் தொல்லை என்றாள்.
அது "மாத்திரை" என்றால்
"இதோ, குன்வோர்" என்று எழுந்துவிடுகிறார்.
நான் எதிரே நின்று நீட்டினால்
"நீங்கள் யார்?" என்கிறார்.
மரியாதையாகத்தான் கேட்கிறார்,
அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.
என் குரலே எனக்குச் சக்களத்தி.

எடுத்துவிடச் சொல்வாள் என்று நினைத்தேன்.
அவள் கேட்டது வேறு:
தன் போனிலிருந்து அந்தப் பெட்டிக்குள்
நேரடியாகப் பேச முடியுமா?
முடியும். இரண்டு நிமிட வேலை.

நான் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன்.
மாவும் உலர்மீனும் வைக்கும் அறைக்குள் போய்
கதவைச் சாத்திக்கொண்டாள்.
பலகைக்கு அந்தப்புறம்,
"ஓட்வார், முதுகுவலி எப்படி இருக்கிறது?"
அரை நொடி கழித்து மேசையிலிருந்தும் அதே கேள்வி.

"வந்துவிட்டாயா!" என்றார் திரையிடம்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"வீட்டில் ஒரு பெண் நடமாடுகிறாள்.
நல்லவள்தான், மீன் நன்றாகச் சமைக்கிறாள்.
அவளுக்குச் சம்பளம் ஏதாவது கொடுக்கிறோமா?"

கதவுக்குப் பின்னால் வெகுநேரம் ஒன்றுமில்லை.
அப்புறம், இரண்டு இடத்திலிருந்தும்:
"கொடுக்கிறோம், கொடுக்கிறோம்."

படிவத்தை வண்டியில் உட்கார்ந்து நிரப்பினேன்.
கருவி இயங்குகிறது.
பயன்படுத்துபவர் பெயர்:
ஒரு வரிதான் விட்டிருந்தார்கள்.
அவர் பெயரை எழுதிவிட்டு
ஓரத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.